அப்பாவோட கையெழுத்து இல்லாம குழந்தைக்கு பாஸ்போர்ட்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரே ஒரு கையெழுத்தைப் பத்தி. அமெரிக்காவில் வளர்ற நம்ம ஊர்க் குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்கணும். அப்பா கூட இல்லை. அவர் இறந்து போகலை, விவாகரத்தும் ஆகலை. ரெண்டு வருஷமா போனை எடுக்கறதில்லை, அவ்வளவுதான். ஃபார்ம்ல எல்லாம் நிரப்பியாச்சு, அவர் கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்கு. இப்போ என்ன பண்றது?

ஒண்ணு சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் என்ன சொல்லுது, கவுன்ட்டர்ல என்ன கேட்பாங்க, அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன தயார் பண்ணலாம், இதைத்தான் பேசப் போறேன். உங்க கேஸ்ல சிக்கல் இருந்தா வக்கீலைப் பாருங்க.

முதல்ல, குழந்தை எந்த நாட்டுக் குடிமகள்?

புரியறதுக்காக ஒரு உதாரணம் வச்சுக்கலாம். கோயம்புத்தூர்ல இருந்து வேலை விசாவில் நியூ ஜெர்சிக்குப் போன ஒரு அம்மா. கூட மூணு வயசுப் பொண்ணு. அப்பாவும் கொஞ்ச நாள் அங்கே இருந்தார், அப்புறம் ஊருக்குத் திரும்பினார், அப்புறம் தொடர்பே இல்லை. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் கிரீன் கார்டு வந்தது. சில வருஷம் கழிச்சு அம்மா உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகள் ஆகிட்டாங்க. பொண்ணுக்கு இப்போ 11 வயசு.

இங்கே நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அம்மா உறுதிமொழி எடுத்த அன்னைக்கே அந்தப் பொண்ணும் குடிமகளா ஆகியிருக்கலாம். குழந்தைகள் குடியுரிமைச் சட்டம்னு ஒண்ணு, 2001 பிப்ரவரி 27-ல் அமலுக்கு வந்தது. பெற்றோரில் ஒருத்தராவது அமெரிக்கக் குடிமகனா இருக்கணும். குழந்தைக்கு 18 வயசு ஆகியிருக்கக் கூடாது. கிரீன் கார்டோட அமெரிக்காவில் வசிக்கணும். குடிமகனான அந்தப் பெற்றோரோட சட்டப்படியான கஸ்டடியிலும் இருக்கணும், நேரில் அவர் கூடவே வாழவும் செய்யணும். இது எல்லாம் ஒரே நேரத்துல பொருந்தினா குடியுரிமை தானாகவே வந்துடும். விண்ணப்பம் இல்லை, விழா இல்லை.

ஆனா தானா வர்ற குடியுரிமைக்குத் தானா ஒரு பேப்பர் வராது. குழந்தை கையில் பழைய கிரீன் கார்டுதான் இருக்கும். என்-600 விண்ணப்பம் போட்டு குடியுரிமைச் சான்றிதழ் வாங்கலாம், அதுக்கு ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். அதனால பல குடும்பங்களுக்கு பாஸ்போர்ட்தான் முதல் ஆதாரம். பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போறதுக்கு மட்டும் இல்லை, "நான் இந்த நாட்டுக்காரி"ன்னு காட்டறதுக்கே அந்தப் புத்தகம் வேணும்.

இதுல "சட்டப்படியான கஸ்டடி"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து குடும்பமா வாழ்ந்தா, கஸ்டடி இருக்குன்னு அரசாங்கமே எடுத்துக்கும். விவாகரத்து ஆகியிருந்தா கோர்ட் உத்தரவைக் கேட்கும். நம்ம உதாரணத்துல இருக்கிற அம்மாவுக்கு ரெண்டும் இல்லை. அப்பா வீட்டுல இல்லை, ஆனா எந்தப் பேப்பரும் அவர் இல்லைன்னு சொல்லலை. பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்குது.

ரெண்டு கையெழுத்து ஏன்?

16 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்கணும்னா பெற்றோர் ரெண்டு பேரும் சம்மதிக்கணும். குழந்தையும் நேரில் வரணும். ஃபார்ம் பேரு டிஎஸ்-11. தனியா வளர்க்கிற அம்மாக்களுக்கு இது அநியாயமா தெரியும். "அஞ்சு வருஷமா ஒரு வேளைச் சோறு போடாத மனுஷன்கிட்ட நான் எதுக்கு அனுமதி கேட்கணும்?" நியாயமான கோபம்தான்.

ஆனா இந்த விதி வந்த காரணம் வேற. கணவன் மனைவி சண்டையில ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டா, மற்றவர் அந்தக் குழந்தையைத் திரும்பப் பார்க்கவே முடியாம போகலாம். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இந்தியா மாதிரி இமிகிரேஷன் கவுன்ட்டர்ல முத்திரை குத்தறது கிடையாது. அதனால பாஸ்போர்ட் கொடுக்கிற இடமே வாசல் கதவாயிடுது. 1999-ல் சட்டம் வந்து, 2001 ஜூலையில் 14 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு அமலாச்சு. 2008-ல் அதை 16 வயசு வரைக்கும் நீட்டினாங்க.

நம்மளைத் தொடற இன்னொரு விஷயம். கடத்தப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்பறதுக்கான 1980-ம் வருஷத்து ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரலை. அதனால அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்களில் "குழந்தையை இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னாலே கூடுதலா ரெண்டு கேள்வி கேட்பாங்க. அது உங்க மேல சந்தேகப்பட்டு இல்லை, இதனாலதான்.

எந்த மாதிரி இல்லாமை? அதுக்கு எந்தக் கதவு?

அப்பா இல்லைங்கிறது நமக்கு ஒரே விஷயம். பாஸ்போர்ட் ஆபீஸுக்கு அது அஞ்சாறு வகை. உங்களோடது எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ஒண்ணு, தூரமா இருக்கார், ஆனா கேட்டா கையெழுத்து போடுவார். அப்போ டிஎஸ்-3053 சம்மதப் படிவம். நோட்டரி முன்னாடி கையெழுத்து போடணும், அவரோட அடையாள அட்டை நகல் முன்பக்கமும் பின்பக்கமும் வேணும். கையெழுத்து போட்ட மூணு மாசத்துக்குள்ள கொடுத்துடணும். அவர் இந்தியாவில் இருந்தா எந்த நோட்டரி செல்லும்னு அமெரிக்கத் தூதரகத்தோட இணையதளத்தில் பார்த்துட்டு அப்புறம் அனுப்புங்க.

ரெண்டு, அவர் இறந்துட்டார். இறப்புச் சான்றிதழ் போதும்.

மூணு, பிறப்புச் சான்றிதழ்லயே அம்மா பேர் மட்டும்தான் இருக்கு. அப்போ அந்தச் சான்றிதழே ஆதாரம். இந்தியாவில் திருமணம் ஆகாத அம்மாக்களுக்கு இப்படிப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கணும்னு 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நாலு, கோர்ட் உத்தரவு. இதுலதான் பலர் மாட்டிக்கறாங்க. நம்ம ஊர் விவாகரத்துத் தீர்ப்புல "குழந்தை தாயிடம் இருக்கும், தகப்பன் வந்து பார்க்கலாம்"னு இருக்கும். அதைக் காட்டினா போதும்னு நினைப்போம். குழந்தை யார் வீட்டுல தூங்குதுங்கிறது வேற, குழந்தைக்காக முடிவெடுக்கிற முழு அதிகாரம் யார்கிட்ட இருக்குங்கிறது வேற. ரெண்டு பேருக்கும் கூட்டு அதிகாரம்னு தீர்ப்புல இருந்தா, பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேர் சம்மதமும் வேணும். அதனால சென்னையிலயோ சிகாகோவிலயோ, விவாகரத்து நடந்துக்கிட்டு இருந்தா வக்கீல்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க: "குழந்தைக்கு பாஸ்போர்ட் விண்ணப்பிக்கவும் வெளிநாடு கூட்டிட்டுப் போகவும் தாய்க்குத் தனி அதிகாரம் உண்டு" என்கிற ஒரு வரி உத்தரவில் தெளிவா வரணும். பின்னாடி பல மாச அலைச்சலை அந்த ஒரு வரி மிச்சம் பண்ணும்.

அஞ்சு, எங்கே இருக்கார்னே தெரியலை. இதுக்கு டிஎஸ்-5525. ஏன் அவர் சம்மதம் வாங்க முடியலைன்னு நீங்க எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம். "அவர் போயிட்டார்"னு ஒரு வரி எழுதினா வேலைக்கு ஆகாது. கடைசியா எப்போ பேசினீங்க, எந்த முகவரி, எந்த நம்பர், அவரோட அம்மாகிட்ட எப்போ கேட்டீங்க, திரும்பி வந்த கூரியர் கவர், பதில் வராத மின்னஞ்சல், ஒற்றை டிக்கோட நிக்கிற வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்குங்க. அதிகாரி கூடுதல் ஆதாரம் கேட்கலாம். ஏத்துக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தா கட்டின பணம் திரும்பி வராது.

ஒரு எச்சரிக்கை. அவர் எங்கே இருக்கார்னு தெரிஞ்சும் தெரியாதுன்னு எழுதாதீங்க. "நானே அவர் கையெழுத்தைப் போட்டுட்டா என்ன?"ன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. பாஸ்போர்ட் விண்ணப்பத்துல பொய் சொல்றது அமெரிக்காவில் பெரிய குற்றம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே ஆளும் போயிடும்.

அவர் அடிச்சதால நீங்க பிரிஞ்சு வந்திருந்தா, சம்மதம் கேட்கிறதுக்காக உங்க முகவரியை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு உத்தரவு இருந்தா அதையும் சேர்த்துக் கொடுங்க.

நான் சொல்ல வர்றது இதுதான்

டிஎஸ்-5525 கடைசிக் கதவு. அதுக்கு முன்னாடி, அவசரம் எதுவும் இல்லாத காலத்துலயே, குடும்ப நீதிமன்றத்துல கஸ்டடி உத்தரவு வாங்கிடுங்க. அப்பா இந்தியாவில் இருக்காரே, எப்படி முடியும்னு கேட்பீங்க. பொதுவா, குழந்தை கடைசி ஆறு மாசமா எந்த மாநிலத்துல வசிக்குதோ அந்த மாநில நீதிமன்றமே வழக்கை எடுத்துக்கும். அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்ப உண்மையா முயற்சி பண்ணணும். கண்டுபிடிக்க முடியலைன்னா பத்திரிகை விளம்பரம் மாதிரி வேற வழிக்கு நீதிபதி அனுமதி கொடுக்கலாம். வசதி இல்லாதவங்க இலவச சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

நம்ம வீடுகள்ல இதைத் தள்ளிப் போடறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கோர்ட்டுக்குப் போனா குடும்பம் உடைஞ்சதை நாமே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு பயம். "என்னைக்காவது வந்துடுவார்"னு மாமியார் சொல்லிட்டே இருப்பாங்க. வரட்டும், நல்லதுதான். கஸ்டடி உத்தரவு அவரை அப்பா இல்லைன்னு சொல்றதில்லை. இன்னைக்குக் குழந்தைக்கு யார் பொறுப்புன்னு மட்டும்தான் சொல்லுது.

இந்தியா பக்கம்

அம்மா இன்னும் குடிமகள் ஆகலைன்னா, குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட்தான். அது காலாவதி ஆகாம பார்த்துக்கணும். இங்கே வழி கொஞ்சம் எளிது. 2016 மே மாதம், விவாகரத்தான ஒரு அம்மாவோட வழக்குல, சில சூழ்நிலைகள்ல அம்மா பேர் மட்டும் போதும்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷம் டிசம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் விதிகளை மாத்தினது. ஃபார்ம்ல அப்பா, அம்மா, காப்பாளர், இவங்கள்ல ஒருத்தர் பேர் போதும். மற்ற பெற்றோர் சம்மதம் இல்லைன்னா அனெக்ஸர் சி-ங்கிற உறுதிமொழியை வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுக்கலாம், நோட்டரி வேண்டாம். வெளிநாட்டுத் தூதரகங்கள் கூடுதல் ஆவணம் கேட்கலாம், அதுக்கும் தயாரா இருங்க.

இதுக்கெல்லாம் பின்னாடி 1999-ல் வந்த ஒரு தீர்ப்பு இருக்கு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேர்ல ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனப்போ, அப்பாதான் காப்பாளர்னு சொல்லிட்டாங்க. 1956-ம் வருஷத்துச் சட்டத்துல, தகப்பன், "அவருக்குப் பின்" தாய்னு இருக்கு. "பின்" என்றால் அவர் இறந்த பிறகுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, அவர் இல்லாத நிலையில்னு உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. உயிரோட இருந்தும் குழந்தை விஷயத்துல அக்கறையே இல்லாத அப்பாவும் அதுல அடக்கம்.

ஞாபகம் வச்சுக்கோங்க, குழந்தை அமெரிக்கக் குடிமகள் ஆனதும் இந்திய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது, ஒப்படைக்கணும். ஊருக்கு வர ஓசிஐ அட்டையோ விசாவோ வேணும். ஓசிஐ விண்ணப்பத்துலயும் ரெண்டு பெற்றோர் சம்மதம் கேட்பாங்க. அங்கேயும் அதே கஸ்டடி உத்தரவுதான் கை கொடுக்கும்.

கவுன்ட்டர்ல நிக்கிற குழந்தை

குழந்தை நேரில் வரணும்னு சொன்னேன் இல்லையா? "அப்பா எங்கே?"ங்கிற கேள்வியை அதுவும் கேட்கும். அந்தக் கேள்விக்கு அம்மா தடுமாறறதையும் பார்க்கும். அதனால முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுங்க: "நாளைக்கு அப்பாவைப் பத்திக் கேட்பாங்க கண்ணு. எல்லாக் குழந்தைகள் விஷயத்துலயும் கேட்பாங்க. அம்மா பதில் சொல்லிடுவேன்." இவ்வளவு போதும். அவர் கெட்டவரா நல்லவராங்கிற பேச்சு அங்கே வேண்டாம்.

பொண்ணுக்கு 15 வயசு தாண்டி, பயணத்துக்கு அவசரம் இல்லைன்னா, 16 வரைக்கும் காத்திருக்கலாம். அதுக்கப்புறம் பெற்றோரில் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா போதும். அஞ்சு வருஷத்துக்குப் பதிலா பத்து வருஷ பாஸ்போர்ட்டும் கிடைக்கும்.

கடைசியா, இதைக் கேட்கிற உங்கள்ல சிலர் அந்தக் குழந்தையாவே இருக்கலாம். சின்ன வயசுல அமெரிக்கா போய், இன்னைக்கு 22 வயசு, கையில் இன்னும் கிரீன் கார்டுதான். உங்களுக்கு 18 ஆகறதுக்கு முன்னாடி அம்மா குடிமகள் ஆகியிருந்தா, நீங்க எப்பவோ குடிமகன் ஆகியிருக்க வாய்ப்பு இருக்கு. இப்போ யார் கையெழுத்தும் வேண்டாம், நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனா ஆதாரம் வேணும்: உங்க பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, அம்மாவோட குடியுரிமைச் சான்றிதழ், அந்தச் சமயத்துல நீங்க அம்மா கஸ்டடியில அவங்க கூட இருந்ததுக்கான பேப்பர். இந்த வார இறுதியில அம்மாவுக்கு போன் போட்டு, பீரோல இருக்கிற அந்தப் பழைய ஃபைலை எடுத்து ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க.

வேற கேள்விகள் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.