அக்கினி நட்சத்திரமும் ஓய்வுக் குடியிருப்பும்

(செங்கல்பட்டுக் கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



1929-ம் வருஷம் பிப்ரவரியில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடிய இவ்வூரில் இன்று நாம் வெயிலைப் பற்றிப் பேசப் போகிறோம். வெயிலுக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும்.

உத்தியோகத்திலிருந்து விலகிய முதியவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகள் நம் ஜில்லாவில் ஏற்பட்டு வருகின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்ததும் சென்னை கவர்னர் பரிவாரத்தோடு உதகமண்டலம் ஏறிவிடுவார். இவர்களுக்கோ பன்னிரண்டு மாதமும் இங்கேயேதான் வாசம்.

பஞ்சாங்கக்காரன் கத்திரியை மே 4-ல் ஆரம்பித்து 28, 29-ல் முடித்துவிடுகிறான். ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ந் தேதியன்று! நட்சத்திரம் விடைபெற்றுப் போன பிறகு எரித்தது யார்?

காரணம் கடற்காற்று, தோழர்களே. வெயிலில் தரை சீக்கிரம் சுடும். கடல் மெதுவாகத்தான் சுடும். தரைமேலுள்ள காற்று லேசாகி மேலெழும்ப, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மாமல்லபுரத்துக்கு முந்தியும் செங்கல்பட்டுக்குப் பிந்தியும் வரும். மேல்காற்று பலமாக அடித்தால் நேரங்கழித்தே வரும்; அன்றைக்குத்தான் வெயில் ஆளைக் கொல்லும். கடற்கரையிலும் வேர்வை உலராததால், டிகிரி குறைவென்று ஏமாறக்கூடாது.

நமக்குத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர், ஓய்வு பெற்றவர், கத்திரி கழிந்ததென்று பகல் ஒரு மணிக்குக் குடையில்லாமல் புறப்பட்டு வழியில் விழுந்துவிட்டார். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது, வேர்வையும் குறைவு. பேச்சுத் தடுமாறினால் அது விதியல்ல. உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்து அவரைப் பிழைக்க வைத்தது, அங்கே தோட்டம் கொத்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள். அவருக்கும் அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஓய்வு கிடையாது. அக்குடியிருப்பில் அவருக்குக் குடிதண்ணீர்க் குவளைகூடத் தனி!

கத்திரி நாட்களில் லிங்கத்தின் தலைக்குமேல் தாரா பாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடுகிறார்கள். கல்லுக்கு வேர்க்குமா? அந்தக் குடியிருப்பிலும் கோவில் இருக்கிறது, தாரையும் விழுகிறது. அம்மாள் உட்கார நிழல் மட்டும் இல்லை.

ஆகையால், பஞ்சாங்கத்தைப் பாராமல் வெயிலைப் பார்த்து, கோடையில் பதினொரு மணி முதல் நாலு மணி வரை வெளிவேலையை நிறுத்தி, கூலி பிடிக்காமல், எல்லோருக்கும் ஒரே பானையில் தண்ணீர் வைக்கும்படி அக்குடியிருப்புகளைக் கேட்கும் தீர்மானத்தை இக்கூட்டம் நிறைவேற்ற வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.