பொலன்னறுவைக்கு யாரோடு போவது?

(நூற்றாண்டுச் சுற்றுலா ஒழுங்குகள் தொடர்பாகக் கொழும்புக் கிளையின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவுக்கென்று வெளிநாடுகளிலிருந்து வருகிற பழைய மாணவிகளைப் பொலன்னறுவைக்கு அழைத்துச் செல்வதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எப்படி அழைத்துச் செல்வது என்பதில்தான் இழுபறி. நாலைந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு வானும் ஒரு வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு போகட்டும் என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். சுற்றுலா நிறுவனங்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் கொண்டுபோகும் சிறு குழுப் பயணங்களில் இடம் எடுத்தால் செலவும் குறையும் தலையிடியும் குறையும் என்பது மற்றப் பகுதியினரின் வாதம். நான் இரண்டு விதமாகவும் போய் வந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். சரித்திரத்தில் நான் எடுத்த புள்ளிகள் இந்த மண்டபத்தில் இருக்கும் சிலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி இன்று கதைக்க வேண்டாம்.

உண்மையில் மூன்று விதமாகப் போயிருக்கிறேன். முதற்பயணம் எட்டாம் வகுப்பில், கல்லூரி பஸ்ஸில். புளிச்சாதப் பார்சல், விசில் ஊதிக்கொண்டு முன்னே நடந்த ரீச்சர், வட்டதாகேயில் கழற்றிவிட்டுத் திரும்பக் கிடைக்காத என் ஒற்றைச் செருப்பு, இவ்வளவுதான் மனதில் நிற்கிறது. அந்தச் செருப்புக்காக வீட்டில் வாங்கிய ஏச்சும் நிற்கிறது.

பொலன்னறுவையை ஒரே மூச்சில் நடந்து பார்த்துவிட முடியாது. தெற்கே பராக்கிரம சமுத்திரத்தின் கரை, பிறகு அரண்மனைத் தொகுதி, அதற்கு வடக்கே தலதா மளுவ என்கிற உயர்ந்த முற்றம், அப்பால் ரன்கொத் விகாரை, லங்காதிலக, கடைசியில் கல் விகாரை என்று கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடக்கிறது. இடையிடையே வாகனத்தில் ஏறி இறங்க வேண்டும். சில இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்பது நேர்த்திக்கடன் மாதிரித்தான். ஆகவே யார் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார், எங்கே நிறுத்துகிறார், எங்கே நிறுத்தாமல் போகிறார் என்பதைப் பொறுத்தே நீங்கள் பார்க்கும் பொலன்னறுவை அமையும்.

ஏழு வருடங்களுக்கு முன் என் பட்ச் தோழிகள் இருவரும் நானும் ஒரு சிறு குழுவில் போனோம். மொத்தம் பதினொரு பேர். இரண்டு ஜெர்மன் இளைஞர்கள், தென்பகுதியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரும் அவருடைய கணவரும், இன்னும் நாலு பேர். வழிகாட்டி நல்ல மனிதர், நேரத்துக்கு அடிமை. ஒவ்வொரு இடத்திலும் இத்தனை நிமிடம் என்று கையில் எழுதி வைத்திருந்தார். என் தோழி ஒருத்திக்கு முழங்கால் வருத்தம். தலதா மளுவவின் படிகளை அவள் ஏறி முடிக்க, மற்றவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வானை விட்டு இறங்கவேயில்லை. நியூசிலாந்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, கல் விகாரையை எங்கள் கைத்தொலைபேசிப் படத்தில் பார்த்தாள். இன்றைக்கும் எனக்கு அது மனதைக் குத்துகிற விஷயம்.

சிவன் கோயிலும் எங்களுக்குத் தவறிப் போயிற்று. பொலன்னறுவையில் சிவ தேவாலயங்கள் என்று எண் கொடுத்த இடிபாடுகள் பல இருக்கின்றன. இரண்டாம் இலக்கக் கோயில் பெருவழியிலிருந்து விலகி, பபளு விகாரைப் பக்கத்துக் கிளைப்பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை வானின் யன்னலில் வந்தது, போனது. நேரமில்லை என்றார் வழிகாட்டி. நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பதினொரு பேரில் மூன்று பேருக்காக வண்டியைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் தனி வழிகாட்டியே சரி என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். ஆனால் அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது.

தலதா மளுவவில் கல் பொத என்று ஒரு பெரிய கல் இருக்கிறது. இருபத்தாறு அடி நீளம். நிசங்கமல்லன் தன் புகழைத் தானே பொறிப்பித்து வைத்த கல். எல்லா வழிகாட்டிகளும் அதில் நன்றாக நேரம் எடுப்பார்கள், எங்கள் ஆளும் எடுத்தார். அது முடிந்து நகரும்போது, சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு கல்லைக் காட்டி அந்தச் சிங்கள ஆசிரியை, "இது எங்களுடைய எழுத்து இல்லையே, என்ன இது?" என்று கேட்டார். தமிழ் என்றார் வழிகாட்டி. உடனே ஆசிரியை எங்கள் பக்கம் திரும்பி, வாசித்துச் சொல்லுங்களேன் என்றார். நாங்கள் மூன்று பட்டதாரிகள் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தோம். ஒரு 'ன', ஒரு 'க', அதுவும் சந்தேகம். கிரந்தம் கலந்த பழைய எழுத்து. வெட்கமாய்ப் போயிற்று.

வழிகாட்டி தன் நிமிடக் கணக்கை மறந்து அந்தக் கல்லின் கதையைச் சொன்னது அப்போதுதான். அது வேளைக்காரர் கல்வெட்டு. வேளைக்காரர் என்போர் இங்கே அரசனிடம் ஊழியம் செய்த தென்னிந்தியப் படையினர். முதலாம் விஜயபாகு காலத்தில் எழுந்த புத்தரின் புனித தந்தக் கோயிலைத் தங்கள் காவலில் ஏற்று, தங்கள் பெயரையே அதற்கு வைத்து, கடைசி வரை காப்போம் என்று அந்தக் கல்லில் உறுதி எழுதியிருக்கிறார்கள். 'மூன்றுகைத் திருவேளைக்காறன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்பது அந்தப் பெயர். இதே வேளைக்காரர்தான் முன்னொருமுறை, சோழருக்கு எதிராகப் போருக்குப் போகமாட்டோம் என்று விஜயபாகுவுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தவர்கள் என்று சூளவம்சம் சொல்லுகிறது. ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு காலமும் சரித்திரம் படிப்பித்தேன், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றார். எங்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான்கு பேரும் அந்த வெயிலில் நின்று சிரித்தோம். ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

சென்ற வருடம் தனியாகப் போனோம். முழங்கால் வருத்தக்காரி, அவளுடைய மகள், நான், என் பேத்தி. எங்களுக்கென்று ஒரு வான், தமிழ் பேசுகிற ஒரு வழிகாட்டி. இந்த முறை எல்லாம் எங்கள் கையில். விடியவே உள்ளே போனோம், வெயில் ஏறியதும் விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்தோம், பின்னேரம் மறுபடி போனோம். தோழி கல் விகாரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்தாள். ஒரே பாறையில் நான்கு சிலைகள். கிடந்த கோலத்தில் இருக்கும் புத்தர் நாற்பத்தாறு அடி. அவருடைய தலையணையைப் பாருங்கள். தலை அழுத்திய இடத்தில் துணி பதிந்த மாதிரிக் கல் பதிந்திருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் நான் அதே இடத்தில் நின்றும் அதைக் காணவில்லை. பேத்திதான் காட்டினாள். நேரம் இருந்தால்தான் கண் திறக்கிறது.

சிவன் கோயிலுக்கும் போனோம். அடியிலிருந்து உச்சி வரை கல். சுற்றிவரத் தலையிழந்த நந்திகள். உள்ளே லிங்கம், அதற்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன பூ. என் தோழி கைகூப்பி நின்றாள். நானும் நின்றேன்.

ஆனால் அந்த வழிகாட்டி! நாங்கள் தமிழர் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவர் வாயில் சோழரைத் தவிர வேறு யாரும் இல்லை. ராஜராஜ சோழன் நேரே வந்து இந்தக் கோயிலைக் கட்டிக் குடமுழுக்குச் செய்தான் என்றார். பராக்கிரமபாகுவின் அரண்மனையைக் காட்டும்போது சுருக்கமாக முடித்தார். இரண்டு சிவன் கோயில்களும் சோழர் கட்டியவை என்று ஒரே பேச்சாகச் சொன்னார். வேளைக்காரர் கல்வெட்டைக் கடந்து போனபோது நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் நிற்கவேயில்லை. தமிழ்ப் படை புத்தருடைய தந்தத்துக்குக் காவல் நின்றது என்ற கதையை நாங்கள் விரும்பமாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பார்த்தேன். 993இல் ராஜராஜனின் படை வந்து அநுராதபுரம் வீழ்ந்ததும், பொலன்னறுவை சோழரின் தலைநகராகி ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்றதும், 1070இல் விஜயபாகு அதை மீட்டதும் சரியே. இரண்டாம் இலக்கக் கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம், அது ஒரு சோழ அரசியின் பெயர். அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்று அதிராஜேந்திரன் காலத்தது. ராஜராஜன் இங்கே வந்து நின்றதாக நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாம் இலக்கக் கோயிலோ பாண்டியர் பாணியில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது, சோழர் போய் வெகுகாலத்துக்குப் பிறகு. கொழும்பு அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கிற பொலன்னறுவை வெண்கலங்களில் பல அங்கே தோண்டி எடுக்கப்பட்டவை. என் பேத்திக்குப் பதினான்கு வயது. அவர் சொன்னதையெல்லாம் அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். பாதியை வெட்டித் திருத்த வேண்டியதாயிற்று. அவள் கேட்டாள்: "அம்மம்மா, சிங்களப் பிள்ளைகள் தனியாக வந்தால் அவர்களுக்கு வேறு கதை சொல்லுவாரா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கூலி கொடுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவருடைய தொழில். கலந்திருக்கிற குழுவில் அவர் யாருடைய முகத்தைப் பார்ப்பார்? பொதுவாகத்தானே பேச வேண்டும். அங்கே நேரம் இல்லை, ஆனால் கேள்வி கேட்க மற்றவர்கள் இருந்தார்கள். தனியே போனபோது நேரம் தாராளம், கேள்விதான் இல்லை. எங்களுக்குத் தெரிந்ததையே நாங்கள் கேட்டோம், பிடித்ததையே அவர் சொன்னார்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. வானும் வழிகாட்டியும் நாங்களே அமர்த்துவோம். வழிகாட்டியின் கூலி இரண்டு பேருக்கும் ஆறு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பங்கிட்டால் சுமை தெரியாது. ஆறு பேருக்கு மேல் ஒரு வழிகாட்டிக்குக் கொடுக்காதீர்கள், பின்னால் நிற்கிறவருக்குக் காற்றுத்தான் கேட்கும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதிலும் தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகை உண்டு. வான் ஓட்டுகிறவரே வழிகாட்டியும் என்றால், வழியில் மாணிக்கக் கடையில் நிறுத்துவாரா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எந்தெந்த இடம், எங்கே எவ்வளவு நேரம் என்பதை எழுதிக் கொடுங்கள். எந்தக் கதை பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனால் வானில் யார் யார் இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பட்ச் வாரியாக வேண்டாம். இந்த இடத்தில் முகங்கள் சுழிவது தெரிகிறது. நாற்பது வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறோம், எங்களைப் பிரிப்பதா என்று கேட்பீர்கள். இரவு விடுதியில் விடியும்வரை சேர்ந்திருந்து கதையுங்கள், யாரும் விசில் ஊதமாட்டார்கள். பகலில் லண்டன் அக்காவோடு மட்டக்களப்புத் தங்கையும், எங்கள் முஸ்லிம் தோழிகளும், சிங்கள மருமக்களும், தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் ஒரே வானில் இருக்கட்டும். வழிகாட்டி யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று தடுமாறட்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர்களை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல் ஒரு வானில் வைப்போம். அந்த வான் எங்கேயும் அவசரப்படக் கூடாது. அதில் நானும் ஏறுகிறேன், எனக்கும் இப்போது இடது கால் சொல்வழி கேட்பதில்லை.

சில சில்லறை விஷயங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு டொலர் கணக்கில். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. தடித்த காலுறை ஒரு சோடி, கல் சுடும்போது என்னை வாழ்த்துவீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் பொலன்னறுவை நிலையம் கதுருவெலவில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வேளைக்காரர் கல்வெட்டின் வாசகத்தை இன்றைய எழுத்தில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு வானுக்கும் ஒரு பிரதி தருவதாக என் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை யாராவது வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் நாங்கள் விழிக்க வேண்டியதில்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் கொடுங்கள்.