ஆற்றை பிள்ளை இந்தச் சுவர்?

கொழும்பு வெள்ளவத்தை மார்க்கெட்டில் முன்பின் தெரியாத இரண்டு அன்ரிமார் சந்தித்தால் பேச்சு எப்படித் தொடங்கும்? "நீங்கள் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" மீன் வாங்கி முடிவதற்குள் ஒருவரின் மச்சாள் மற்றவருடைய சித்தியின் மருமகள் என்று தெரிந்துவிடும். பெயர்ப்பட்டியல் எதையும் அவர்கள் புரட்டவில்லை. உறவைப் பிடித்துக்கொண்டே போனார்கள்.

கட்டடத்துக்கும் இந்த வித்தை தேவை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எழும்பும் தொடர்மாடிகளைப் பாருங்கள். இத்தகைய ஒரு கட்டடத்துக்குக் கணினியில் பல மாதிரிகள் உருவாகலாம். கட்டடக்கலைஞருக்கு ஒன்று, அமைப்புப் பொறியியலாளருக்கு ஒன்று, தண்ணீர், மின்சார வேலைக்கு இன்னொன்று. இவற்றைத் துறைக்காரர் 'பிம்', அதாவது கட்டடத் தகவல் மாதிரி, என்பார்கள். இவை வெறும் படங்கள் அல்ல; இங்கே கதவு, தான் கதவு என்ற விபரத்தோடு இருக்கும். கரைச்சல் என்னவென்றால், ஒரே சுவர் இரண்டு மாதிரிகளில் இரண்டு ஆளாக நிற்கிறது. ஒருவருடைய சுவரில் பூச்சும் சேர்த்தி, மற்றவருடையதில் கொங்கிறீட் மட்டும். ஒருவருடைய ஐந்தாம் மாடி டைல் பதித்த தரையில் தொடங்கும். மற்றவருக்கு அதற்குக் கீழே, சிலாப்பில். அடையாள எண்ணும் வேறு வேறு.

2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஐஎஃப்சி என்ற தரவு வடிவம், இந்த மாதிரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது மொழி தந்தது. ஒரே மொழி பேசினால் சொந்தக்காரராகிவிட முடியுமா? மாதிரிகளை ஒன்றாக வைத்து, குழாய் பீமில் முட்டும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அந்தக் குழாயை நகர்த்தினால் வேறு யாருக்கு வேலை கூடும் என்பது அந்தச் சிவப்பில் தெரியாது.

அதற்கு உறவு தெரியவேண்டும். சுவீடனில் பிறந்த நியோ4ஜே போன்ற கிராப் தரவுத்தளங்கள் அந்த அன்ரிமாரின் மூளை போல. சுவர், அறை, குழாய், பீம் எல்லாம் புள்ளிகள். "தாங்குகிறது", "உள்ளே இருக்கிறது", "ஊடாகப் போகிறது" என்பவை அவற்றை இணைக்கும் கோடுகள். எல்லா மாதிரிகளையும் உள்ளே விட்டபின் போடவேண்டிய பெரிய கோடு ஒன்று உண்டு: "இதுவும் அதுவும் ஒரே சுவர்." இடமும் அளவும் பார்த்துக் கணினி பொருத்தம் சொல்லும். மனிதர் சரிபார்க்காவிட்டால் பக்கத்து அறைச் சுவரோடு கலியாணம் பேசி முடித்துவிடும். இரண்டு சுவரையும் ஒன்றாக உருக்கிவிடவும் கூடாது என்பேன். பூச்சுக்கு ஒருவர் பொறுப்பு, பாரத்துக்கு இன்னொருவர்.

பேரே வாவிப் பக்கம், மோஷே சாஃப்டி வடிவமைத்த அல்டெயார் தொடர்மாடியில் ஒரு கோபுரம் மற்றதில் சாய்ந்து நிற்கிறது. அப்படிச் சாயும் கட்டடத்தில் மாடிக்கு மாடி எல்லாம் இடம் மாறும். இந்தக் குழாயை அசைத்தால் எந்த பீம், எந்தக் குளியலறை, யாருடைய ஒப்புதல் என்று கோடு பிடித்துப் போகும் வசதி அங்கேதான் அருமை.

கொட்டாஞ்சேனைக்கு வந்தால் கதை வேறு. பழைய வீட்டின்மேல் ஒரு மாடி, அதன்மேல் இன்னொன்று. கணினி மாதிரி கிடக்கட்டும், கடதாசிப் படமே இருக்காது. ஆனால் வேலை செய்த மேசன் பாஸ் இருப்பார். சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள கீழ் வீட்டாக்கள்ட பைப் போகுது" என்பார். அது ஒரு கோடு.