கேஸ் என்று நாமே முடிவு கட்டலாமா?

நெஞ்சைப் பிடித்தால் 'கேஸ்தான்' என்கிறோம், சோடா குடிக்கிறோம். இடது தோள் வலித்தால் எலும்பு டாக்டரிடம் டோக்கன் போடுகிறோம். வலிக்கிற இடத்தில்தான் நோய் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் காரணம். அந்த நம்பிக்கையை உடம்பு காப்பாற்றுவதில்லை. இதயத்தின் வலியுணர்வைச் சுமக்கும் நரம்புகளும், கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேருகின்றன. அதனால் இதயம் தவிக்கும்போது கை வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் மேல்வயிறு எரியலாம், குமட்டலாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கோ, நரம்பு மரத்துப்போனதால் வலியே தெரியாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

ஆகவே எந்த உறுப்பு என்று ஊகித்து நிபுணரைத் தேடுவது நம் வேலையல்ல. நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்றால், உடனே ஈ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள இடத்தில் இருப்பவரே அந்த நேரத்துக்குச் சரியான டாக்டர். 108-ஐ அழையுங்கள், நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்காகவே வந்தது. அவசரமில்லாத தொந்தரவு என்றால், உடம்பு முழுவதையும் பார்க்கும் பொது மருத்துவரிடம் முதலில் போங்கள்.

'ஏப்பம் வந்தாலெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா?' என்பீர்கள். வேண்டாம். ஆனால் மாடி ஏறும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்சு அழுத்தம் சாதாரண ஏப்பமல்ல. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஓய்விலும் விடாமல் நீடித்தால் அது அவசரம். 'பொது மருத்துவர் கடைசியில் ரெஃபர்தானே செய்வார்?' என்றும் கேட்கலாம். எங்கே அனுப்ப வேண்டும் என்று கண்டறிவதே பாதி வைத்தியம். 'முதல் ஈ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போகலாமா?' என்பது நியாயமான கேள்வி. அடைப்பு இருந்தும் முதல் பதிவு சரியாகத் தெரிவதுண்டு. இதயப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் உயரவும் சில மணி நேரம் பிடிக்கும். மறுபடி பார்க்கச் சொன்னால் காத்திருங்கள்.

டாக்டரிடம் 'கேஸ்' என்று நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வியர்த்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இவற்றைச் சொல்லுங்கள். எந்த உறுப்பு என்பதை அவர் தீர்மானிக்கட்டும். தாமதிக்காமல் போய்ச் சேருவது நம் பொறுப்பு.