இறால் நோயும் பொது வாய்க்காலும்

(கடலோரப் பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நெற்பயிரில் பூச்சி விழுந்தால் அடுத்த வயலுக்குரியவர் வரப்பில் நின்றே அதனைக் கண்டுகொள்வார். இறால் குளத்தில் விழும் நோய் அத்தகையதன்று. அது நீருக்கடியில் தோன்றுகிறது. குளத்துக்குரியவர் ஒருவருக்கே முதலில் தெரிகிறது. அவர் அதை வெளியிடுவாரா, மறைப்பாரா என்பதைப் பொறுத்தே அந்த வாய்க்காலை நம்பிய மற்றக் குளங்களின் கதி அமைகின்றது.

வெள்ளைப்புள்ளி நோய் 1994-ஆம் ஆண்டையொட்டி நம் கிழக்குக் கரைப் பண்ணைகளில் புகுந்தது. அந்நாளில் டைகர் இறாலை நம்பி முதலிட்டோர் பலர் அதனால் நொடித்தனர். இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. மனிதரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் இறால் தீனி எடுப்பதை நிறுத்தி, கரையோரம் ஒதுங்கி, ஓட்டில் வெண்புள்ளிகள் காட்டத் தொடங்கினால், 3 முதல் 10 நாட்களுக்குள் குளம் முழுவதும் மடிந்துவிடக்கூடும். இதற்கு மருந்து கிடையாது. எவரேனும் மருந்தென்று புட்டியை நீட்டினால் வாங்க வேண்டா. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. வைரஸைக் கொல்லும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. சரக்கில் அவற்றின் சுவடு தென்பட்டால் வெளிநாட்டார் திருப்பியனுப்பிவிடுவர்.

1996-ஆம் ஆண்டு உச்சநீதி மன்றம் கடலோர இறால் பண்ணைகள் பற்றித் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. வனாமி இறாலுக்கு 2009-இல் அனுமதி கிடைத்தபோது, வெளிநாட்டுத் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனித்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் செல்ல வேண்டுமென்று விதித்தனர். 2013-இல் நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டமும் தொடங்கிற்று. 1988-இல் கிழக்கெல்லை வழியே நம் நாட்டினுள் நுழைந்து, விரால், கெண்டை முதலிய மீன்களின் உடலைப் புண்ணாக்கிய நோயை நினைப்போர், உள்நாட்டு மீன் வளர்ப்போருக்கும் இத்தகைய கண்காணிப்பு வேண்டுமென்பதை உணர்வர்.

இனி, நமக்கு நேரே உரிய விதிக்கு வருவோம். வனாமிப் பண்ணை எவ்வளவு சிறியதாயினும் கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குளம் இருத்தல் வேண்டும். நோய் கண்டு அவசரமாக அறுவடை செய்ய நேர்ந்தால், வலையிட்டே பிடிக்க வேண்டும். மதகைத் திறந்து வடித்துப் பிடிக்கலாகாது. எஞ்சிய நீரில் குளோரின் இட்டுக் கிருமியைப் போக்கி, அக்குளோரினும் நீங்கிய பின்னரே வடிகாலில் விடவேண்டும்.

நடப்பதென்ன? இரவோடிரவாக மதகு திறக்கப்படுகிறது. காலையில் கீழ்க்குளத்துக்காரர் அதே நீரை இயந்திரம் வைத்து இறைக்கிறார். வரப்பில் எறிந்த செத்த இறாலைக் காகம் அடுத்த குளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. காகம் விதிப் புத்தகம் படிப்பதில்லை. வாய்க்கால் நண்டும் கிருமியைச் சுமக்கிறது.

மறைப்பவரை நாம் வெறுமனே பழிப்பதற்கில்லை. நோயென்ற சொல் வெளிவந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். தீனிக் கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். விதிக்கும் சட்டம், சொன்னவரின் இழப்பைத் தாங்குவதற்கு அத்தனை அக்கறை காட்டவில்லை என்பதே நம் கருத்து. ஆகவே அந்த இடத்தில் பஞ்சாயத்து துணை நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு வாய்க்காலைச் சேர்ந்த பண்ணையாளர் அனைவரையும் கூட்டி, நீர் எடுக்கும் நாளையும் விடும் நாளையும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். நோய் அறிவித்தவர் குளத்துக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்கும் செலவை அனைவரும் பங்கிட்டுக் கொள்ளலாம். நூறு ஏக்கர் அழிவதினும் அச்செலவு சிறிதே. குஞ்சு வாங்குகையில் பி.சி.ஆர். சோதனைச் சான்று கேட்பதையும் கூட்டாகவே செய்தால் பொரிப்பகத்தார் மறுக்க மாட்டார்கள்.

சந்தேகம் தோன்றியவுடன் மீன்வளத் துறை அலுவலருக்குச் சொல்லுங்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்திலும், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் சோதிக்க வசதி உண்டு. செத்து அழுகிய இறால் சோதனைக்கு உதவாது. உயிர் ஊசலாடும் நிலையிலுள்ள சில இறால்களை எடுத்து, சாராய நீர்மத்தில் மூழ்கவைத்து, குளத்தின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டு அனுப்புங்கள். மையால் எழுதினால் அழிந்துபோகும்.