ஒப்பனைக் கலை பயில எங்கே சேர்வது?



எஸ்.பி.எம். தேர்வு முடித்த மகள், "நான் ஒப்பனைக் கலைஞராக வேண்டும், பயிற்சிக்கு மூவாயிரம் வெள்ளி கட்ட வேண்டும்" என்று வந்து நின்றால் நாம் என்ன பதில் சொல்வோம்? "பவுடர் பூசுவதற்கும் ஒரு படிப்பா?" என்று ஒரு வீட்டில் சிரிப்பார்கள். இன்னொரு வீட்டில், பிள்ளை முகம் வாடப் பொறுக்காமல், நகையை அடகு வைத்து முதலில் கண்ட விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடுவார்கள். இரண்டும் சரியான வழியல்ல. பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில், இது மதிப்பான தொழில்தானா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலாய்க்காரர் வீட்டுத் திருமணத்தில் மணப்பெண்ணை அலங்கரிக்கும் 'மாக் அண்டாம்' எவ்வளவு மரியாதையாக நடத்தப்படுகிறார் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். இந்தியாவிலோ, மும்பாய்த் திரைப்பட ஒப்பனையாளர் சங்கம் நெடுங்காலம் பெண்களுக்குச் சிகை அலங்கார வேலையை மட்டுமே அனுமதித்து, ஒப்பனை வேலையை மறுத்து வந்தது. அமெரிக்காவில் ஒப்பனைப் பள்ளியில் பயின்று வந்த சாரு குரானா என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். 2014 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், பெண் என்பதற்காக ஒருவரின் பிழைப்பைத் தடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்று பெற்ற உரிமை என்றால், அது விளையாட்டு வேலையாக இருக்க முடியுமா?

சரி, எங்கே கற்பது? நம் நாட்டில் மூன்று வகை வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை இதை வழங்குகிறது. மொத்தம் ஐந்து நிலைகள். முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. இதில் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. வேலையைச் செய்து காட்ட வேண்டும். பாடப் புத்தகத்தில் பின்தங்கி, கைவேலையில் கெட்டிக்காரியாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. அனுமதி பெற்ற நிலையங்களில் பயில்வோர், பி.டி.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுக்கு மனுச் செய்யலாம். ஆனால் கடன் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை மறக்கலாகாது. பல ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருபவர்கள், வகுப்பில் சேராமலே தங்கள் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டிச் சான்றிதழ் பெறவும் வழியிருக்கிறது.

இரண்டாவது வழி, அரசாங்கத்தின் சமூகக் கல்லூரிகள். நம் ஜொகூரில் சிகாமட், லேடாங் முதலிய இடங்களில் இவை உள்ளன. இங்கே பொதுமக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெறுவதுண்டு. ஒப்பனை வகுப்பு எப்போது என்று நேரில் கேட்டு அறியுங்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே இதில் நாட்டம் உண்டா என்று சோதித்துப் பார்க்க, பெரும் பணம் கட்டுமுன் இப்படி ஒரு சிறு பயிற்சிக்கு அனுப்புவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி, தனியார் பயிற்சிக் கூடங்கள். இவற்றில் நல்லவையும் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஒரு தாளை நீட்டுபவையும் உண்டு. அந்தத் தாள், "இவர் வகுப்புக்கு வந்தார்" என்று மட்டும் சொல்லுமா, "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்று சொல்லுமா? இதுவே முதல் கேள்வி. "அனைத்துலகச் சான்றிதழ்" என்று சொன்னால், எந்த அமைப்பினுடையது என்று பெயரைக் கேளுங்கள். 1946-இல் தோன்றி, சுவிட்சர்லாந்தில் தலைமையகம் கொண்ட சிடெஸ்கோ போன்ற அமைப்புகள் உண்மையானவை. ஆனால் பெயரைச் சொல்வது எளிது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்.கே.எம். நிலையம் என்றால், திறன் மேம்பாட்டுத் துறையிடமே விசாரித்து உறுதி செய்துகொள்ளலாம்.

இன்னும் சில கேள்விகள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? எத்தனை முகங்களுக்குத் தன் கையால் ஒப்பனை செய்து பழக முடியும்? தூரிகை, பூச்சுப் பொருள்கள் கட்டணத்தில் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா? இடையில் நின்றுவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும்? இவற்றையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே பெற்றோருக்கும் சொல்கிறேன்: கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். நம்மவரின் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஏற்ற பூச்சை அங்கே கற்றுத் தருகிறார்களா? மணப்பெண்ணின் முகத்தை வெள்ளையடித்துக் கழுத்தைக் கறுப்பாக விடுவது கலையாகாது. அவரவர் நிறத்தின் பொலிவை எடுத்துக் காட்டுவதே கலை.

கூத்து மேடையில் 'அரிதாரம்' பூசினார்கள் என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த மஞ்சள் தாதுப்பொருள், நஞ்சு. அந்த நஞ்சு போனாலும் வேறு நஞ்சு வந்திருக்கிறது. சில வெண்மையூட்டும் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முறையாகப் பதிவான அழகுப் பொருளுக்கு சுகாதார அமைச்சின் மருந்தியல் ஒழுங்குமுறைப் பிரிவு தரும் எண் உண்டு. அது 'நாட்' என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும். இதைச் சரிபார்க்கவும், தூரிகைகளைக் கழுவிச் சுத்தம் செய்யவும், புதிய பொருளை ஒருவருக்குப் பூசுமுன் கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கவும் கற்றுத் தராத பயிற்சி, அரைகுறைப் பயிற்சியே.

இனி ஒரு வீட்டுக் கணக்குப் போடுவோம். ஓர் உதாரணத்துக்கு, கட்டணம் 3,000 வெள்ளி, பெட்டியும் பொருளும் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆக 4,500. ஒரு மணப்பெண்ணுக்கு 300 வெள்ளி வாங்கினால், பொருள் செலவும் பெட்ரோலும் 100 போக, மிஞ்சுவது 200. போட்ட முதல் திரும்ப 23 மணப்பெண்கள் வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் மாதம் இரண்டு பேர் கிடைத்தாலும் ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. சீனர்கள் தவிர்க்கும் ஏழாம் மாதமும் பெரும்பாலும் ஆடியை ஒட்டியே வருகிறது. நோன்பு மாதத்தில் மலாய்க்காரர் திருமணங்களும் குறைவு. ஆகவே, மூவினத்தாரின் அலங்காரமும் கற்றவருக்கே ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும். சேலை கட்டுதல், கொண்டை போடுதல், பூ வேலை ஆகியவையும் சேர்ந்தால் வருமானம் கூடும். முதலாண்டில் வேறொரு வேலையையும் கையில் வைத்திருப்பது நல்லது.

பெற்றோர்களே, பால்மரமும் செம்பனையும் நமக்குச் சோறு போட்டன. ஆனால் தோட்டத்து வீடு, வேலை இருக்கும் வரைக்கும்தான். தோட்டம் விற்கப்பட்டால் வீடும் போகும் என்பதைப் பல குடும்பங்கள் பட்டு அறிந்திருக்கின்றன. கையில் கற்ற தொழிலை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. எனவே பிள்ளை கேட்கும்போது சிரிக்கவும் வேண்டாம். அவசரப்பட்டு நகையை எடுக்கவும் வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு விடுப்பெடுத்து, பிள்ளையோடு போய், இரண்டு மூன்று நிலையங்களை நேரில் பார்த்து, கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள். பிறகு குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.