பற்றுறுதியும் வாய்மையும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றாலயத்தின் தாழ்வாரத்தில், ஒரே ஒரு மின்விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கியது இக்கழகம். அன்று பாயில் அமர்ந்து படித்தவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியராகவும் அரசு அலுவலர்களாகவும் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். நெஞ்சம் நிறைகின்றது. ஆயினும், விழா நாள் என்பது மகிழ்வதற்கு மட்டும் உரிய நாளன்று. நம்மை நாமே சோதித்தறிவதற்கும் உரிய நாளாகும். ஆதலின், "கிறித்தவ நம்பிக்கையில் நாம் உறுதியாகவும் உண்மையாகவும் நிற்கின்றோமா?" என்னும் வினாவை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

உறுதி வேறு, உண்மை வேறு. துன்பம் வரினும் கொண்ட நெறியைக் கைவிடாமை உறுதி. உள்ளத்தில் உள்ளதே சொல்லிலும் செயலிலும் இருத்தல் உண்மை. உறுதியுடையோன் உண்மையற்றவனாய் இருத்தல் கூடும். உரத்த குரலில் பாடுவான், ஆனால் உள்ளே வேறொன்றை வைத்திருப்பான். உண்மையுடையோன் உறுதியற்றவனாதலும் கூடும்; நன்றென அறிந்ததை நடத்திக்காட்ட அஞ்சுவான். இவ்விரண்டும் கூடியிருத்தலையே நாம் வேண்டுகிறோம். பிற சமயத்தாரைப் பழிப்பதோ, அவர்தம் விழாவைக் கண்டு முகஞ்சுளிப்பதோ உறுதியாகாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றோம். தன் வேரில் ஊன்றி நிற்கும் மரம் அடுத்த மரத்தை அசைக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் கிறித்தவரானதைப் பற்றி உலகம் ஓர் எளிய கதை சொல்லி வருகின்றது. அரிசிக்காகவும் பால்மாவுக்காகவும் மதம் மாறினர் என்பதே அக்கதை. அதனை நம் பிள்ளைகளுள் சிலரும் நம்பிவிட்டனர். வரலாறு கூறுவது வேறு. தென் திருவிதாங்கூரின் மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த ஒருவர், மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரம் சென்றார். அங்கு மனநிறைவு பெறாது, தஞ்சையில் நற்செய்தியைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். மிஷனெரியார் அவரைத் தேடி வந்தனரல்லர். அவரே அவர்களைத் தேடி அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றே இரிங்கல்தௌபே என்னும் இலண்டன் மிஷன் தொண்டர் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கு ஆலயம் எழுந்தது. கல்விப் பணியும் தொடங்கிற்று. 1816-இல் இரிங்கல்தௌபே நாடு நீங்கியபோது, சபைகளைக் காக்கும் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கைக்கு வந்தது. குமரி மண்ணில் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய வரலாற்றின் முதற்பக்கத்தில் நம்மவர் ஒருவரின் பெயர் நிற்கின்றது. அவர் பெற்ற ஆதாயம் யாது? உற்றார் பகையும் ஊரார் ஏச்சும் அன்றோ! ஆயினும் அவர் பின்வாங்கினாரில்லை.

அத்தகையோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இன்று வந்துள்ள சோதனைகள் யாவை? மூன்றினை மட்டும் எடுத்துரைப்போம்.

முதலாவது, சான்றிதழால் வரும் சோதனை. நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. திருமுழுக்குப் பெயர் ஒன்று. பள்ளிப் பதிவேட்டுப் பெயர் மற்றொன்று. நாமும் அவ்வாறே வளர்ந்தோம். ஞாயிறன்று ஆலயத்தில் ஒரு பெயரால் அழைக்கப்பட்டோம். திங்களன்று வகுப்பறையில் வேறொரு பெயருக்கு "உள்ளேன் ஐயா" என்றோம். ஒருநாள் புதிதாக வந்த ஆசிரியர், "உன் உண்மைப் பெயர் எது?" என்று வினவினார். அவர் குறும்பாகக் கேட்டாரல்லர், அன்பாகவே கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தலைகுனிந்து நின்ற அந்த நாழிகையை இந்நாள்வரை மறந்தோமில்லை.

இந்நிலை ஏன் வந்தது? 1950 ஆகஸ்டில் பிறந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தினின்றும் வேறான சமயத்தைத் தழுவியோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அக்கதவு திறக்கப்பட்டது. கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் திறக்கப்படவில்லை. 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கினை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். சென்னைச் சாலையோரத்தில் காலணி தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவருக்கு, அதே தொழில் செய்த ஏனையோர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட சிறு கடைப்பெட்டி மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கின்றது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிற்று. சேரியின் எல்லை மாறவில்லை. சுடுகாட்டுப் பாதை மாறவில்லை. தேநீர்க்கடைக் குவளை மாறவில்லை. மாறியது ஞாயிறன்று நாம் செல்லும் இடம் ஒன்றே. அதற்காக உரிமை போயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் தனித்தொகுதியில் நிற்கும் வாய்ப்பும் போயின.

இவ்வநீதியைத் தாங்க இயலாமையால்தான் பெற்றோர் பலர் பிள்ளைகளின் சான்றிதழில் "இந்து" என எழுதினர். அவர்களைப் பழிக்க நமக்கு வாய் எழவில்லை. கூலி வேலை செய்து ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பத் துடித்த தாயின் கண்ணீரை அளந்து பார்க்க நாம் யார்? ஆயினும் இளைஞர்களே, அந்த மறைவுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லாதிருத்தல் இயலாது. ஆலயத் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திட அஞ்சுவோர் நம்மிடையே உளர். பெற்ற தாயின் கல்லறையில் சிலுவை பொறிக்கத் தயங்கியோரும் உளர். பதவி உயர்வு வரும் ஒவ்வொரு முறையும், யாரேனும் மொட்டைக் கடிதம் எழுதிவிடுவார்களோ என்று உறக்கமிழப்போரும் உளர். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், கிறித்தவ நெறியில் வாழ்ந்துகொண்டே வேலைவாய்ப்பின் பொருட்டு இந்துப் பட்டியல் சாதிச் சான்று கோரிய புதுவைப் பெண் ஒருவரின் வழக்கில், அக்கோரிக்கையை மறுத்தது; நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் சமயம் மாறுவதாகச் சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்றும் கூறிற்று. அத்தீர்ப்பின் கடுமை நம்மைச் சுடுகின்றது. ஆனால் மறைவில் கட்டிய வீடு எந்நாளும் ஆட்டங்காணும் என்பதை அது நமக்கு உணர்த்தவில்லையா?

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வெளிப்படையாகப் போராடுவதே நெறி. சமயத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிணைக்கும் கட்டினை அறுக்க வேண்டும் என்று 2007-இல் அரசிடம் அளிக்கப்பட்ட இரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இப்பொருளை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, கிறித்தவரான ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதி உரிமை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இவையெல்லாம் மறைந்திருந்தோரால் வந்தவை அல்ல, "நாம் கிறித்தவர், நாம் தீண்டாமைக்கு ஆளானோர், இரண்டும் உண்மை" என்று தெருவில் நின்று சொன்னோரால் வந்தவை. நம்முடைய தொகையே ஏட்டில் குறைவாக இருக்குமாயின், நமக்காக வழக்காடுவோர் எதைக் காட்டி வழக்காடுவர்?

அதனோடு, இருக்கும் உரிமைகளையேனும் அறிந்து பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினின்றும் கிறித்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். கிறித்தவரான ஆதிதிராவிட மாணவர்க்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களும் உள்ளன. இவற்றை அறியாமலே படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. இங்கே கழகத்தாரை நோக்கி ஒன்று கூறுகின்றோம். "உண்மையாய் இரு" என்று ஓர் இளைஞனுக்கு அறிவுரை கூறுவது எளிது. அந்த உண்மையால் அவன் இழப்பதை ஈடுசெய்வதே கடினம். உண்மை சொன்னமையால் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ கட்டணச் சலுகை அற்றுப்போயின், அக்கட்டணத்தைக் கழகம் ஏற்றல் வேண்டும். வெள்ளி விழா நிதியின் முதற்பங்கு அதற்கே ஒதுக்கப்படுமாக! அதனைச் செய்யாமல் அறிவுரை மட்டும் வழங்குவோமாயின், பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றித் தாம் விரலாலும் தொடாத பரிசேயருக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

இரண்டாவது, திருச்சபைக்குள்ளேயே எழும் சோதனை. அந்தியோக்கியா நகரில் நிகழ்ந்ததை வேதத்தில் படித்திருக்கின்றோம். புறவினத்தாருடன் ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. தலைமைத் திருத்தூதர் என்றும் பாராது, அனைவர் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே எழுந்த பெரும் வழக்கு பந்தியைப் பற்றியதே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நம் நாட்டிலும் 1833-இல் ஆயர் டேனியல் வில்சன், ஆலயத்தில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதனை ஏற்க மாட்டாது திருச்சபையை விட்டு வெளியேறியோர் பலர். கிறித்துவைவிடச் சாதியே அவர்கட்கு இனிதாயிற்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. நோய் உண்டென ஒப்புதல் மருத்துவத்தின் தொடக்கம், அதுவே மருந்தாகிவிடாது.

"இத்தகைய திருச்சபையில் ஏன் நிற்க வேண்டும்?" என்று இளைஞர்கள் வினவுகின்றீர்கள். நேர்மையான வினா. நாம் கூறும் விடை இது: திருச்சபை அவர்களுடையது, நாம் அதில் குடியிருப்போர் என்று எண்ணினால்தான் வெளியேற வேண்டும். மயிலாடியை நினையுங்கள். வேதமாணிக்கம் கட்டிய வீட்டை விட்டு அவர் பேரப்பிள்ளைகள் ஏன் வெளியேற வேண்டும்? நின்று கேட்போம், பங்குப் பேரவையிலும் சபைத் தேர்தலிலும் கல்லறைத் தோட்டத்திலும் கேட்போம். உறுதி என்பது வாய்மூடிப் பொறுத்தலன்று.

ஆனால் பிறரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் கையையும் பார்த்துக்கொள்வோம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள் நாமே வகுத்துக்கொண்ட வரப்புகளை உடைத்தோமா? மணமகன் தேடுகையில் முதலில் கேட்பது நம்பிக்கையையா, உட்பிரிவையா? துப்புரவுப் பணி செய்யும் குடும்பத்துப் பிள்ளை நம் பந்தியில் நம் அருகே அமர்கின்றதா? நமக்கு மேலுள்ளோரிடம் பவுலாகவும், நமக்குக் கீழென்று நாமே கருதுவோரிடம் பேதுருவாகவும் நடப்போமாயின், நம் முழக்கத்தில் வாய்மை இல்லை.

மூன்றாவது, முன்னேற்றத்தால் வரும் சோதனை. வறுமையில் நிலைத்து நின்றோர் பலர் வளமையில் வழுவினர். பதவி பெற்றவுடன் பிறந்த தெருவை மறத்தல், மேசைக்கு அடியில் கைநீட்டுதல், மகனுக்கு வரதட்சணை பேசுதல், ஊரில் உள்ள தந்தையை நண்பர்க்கு அறிமுகம் செய்யக் கூசுதல் ஆகிய இவையும் மறுதலிப்பே. சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்த பேதுருவாவது அஞ்சி மறுதலித்தார். நாமோ வசதிக்காக மறுதலிக்கின்றோம். அலுவலகத்தில் ஓர் ஏழைக் கிழவியின் மனுவைக் கையூட்டின்றி நகர்த்தும் எழுத்தர், ஆயிரம் பேர் கூடிய மேடையில் சாட்சி கூறுவோரைவிடப் பெரிய சாட்சி என்போம்.

இறுதியாக, நிக்கதேமுவை நினைவூட்டி அமைகின்றோம். அவர் இயேசுவிடம் இரவில் வந்தார். பதவி போய்விடுமோ, ஊர் பேசுமோ என்னும் அச்சம் அவரைப் பகலில் வரவிடவில்லை போலும். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இரவில் வந்தவருடனும் அமர்ந்து உரையாடினார். ஆனால் நிக்கதேமு இரவிலேயே நின்றுவிடவுமில்லை. சிலுவையில் எல்லாம் முடிந்துவிட்டதெனச் சீடர் பலரும் சிதறியோடிய வேளையில், நறுமணப் பொருள்களைச் சுமந்துகொண்டு வெளிப்படையாக வந்து அடக்கம் செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

நம்மிடையே இன்று இரவில் வருவோர் பலர். அவர்களை நாம் வெறுக்க மாட்டோம்; கதவைச் சாத்தவும் மாட்டோம். ஆனால் இளைஞர்களே, உங்கள் பிள்ளைகளுக்கேனும் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். ஆலயத்திலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் கல்லறையிலும் அப்பெயரே விளங்கட்டும். "உன் உண்மைப் பெயர் எது?" என்று எவரேனும் கேட்கும்போது அப்பிள்ளை தலைநிமிர்ந்து விடை கூறட்டும். அந்நாளை உண்டாக்குவதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகுக என்று வேண்டி அமைகின்றோம்.